சோழவரம் வரை ஓடட்டும்

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழங்கால வாகனங்களுக்கென்று தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 ஆண்டைத் தாண்டிய இருசக்கர, நான்குசக்கர வண்டிகள் இதற்குள் வரும். சேஸி, பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிகிறவர் 20,000 ரூபாய் கட்ட வேண்டும். பதிவு பத்து ஆண்டு செல்லும். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துகளை அடுத்து ‘வி.ஏ.’ என்று வரும். ஏற்கெனவே பதிவாகியிருப்பவை தங்கள் பழைய எண்களையே வைத்துக்கொள்ளலாம். சுவாரசியம் அடுத்த விதியில் இருக்கிறது. இந்தப் பதிவை வாங்கிய வண்டி அன்றாட உபயோகத்துக்கோ வியாபாரத்துக்கோ சாலையில் இறங்கக் கூடாது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பழங்கார் பேரணி ஆகியவற்றுக்குப் போகலாம், வரலாம். பெட்ரோல் போடவும் பழுதுபார்க்கவும் எடுக்கலாம். அவ்வளவுதான். மாமனார் வீட்டுக்குப் போனால் விதிமீறல். பேரணிக்குப் போனால் சட்டபூர்வம்.

படித்தவுடன் இது கெடுபிடியாகத்தான் தெரியும். எனக்கு வேறு மாதிரி படுகிறது. அதிகாரிகள் தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, பழைய காரைக் காப்பாற்றுவதற்கு இருக்கிற வழிகளிலேயே சிறந்ததை மட்டும் திறந்து வைத்திருக்கிறார்கள். தன் சக்கரத்தில் தானே ஓடி ஒரு கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்து, அன்றைக்கே தானே ஓடி வீடு திரும்புவதுதான் அந்த வழி. பழைய கார் என்றால், குறிப்பாகப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றால், நம் ஊரில் உடனே நினைவுக்கு வருவது ஹோட்டல் புல்வெளியும், கயிறு கட்டிய தடுப்பும், பக்கத்தில் நின்று எடுத்துக்கொள்ளும் படமும்தான். அந்தப் புல்வெளிக்கு வண்டி எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியதா, ஓடி வந்ததா? என்னைக் கேட்டால், பரிசு கொடுப்பதற்கு முன் நடுவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

காரணம் இயந்திரத்துக்குள் இருக்கிறது. சென்னையைப் போன்ற உப்புக்காற்று ஊரில் ஆறு மாதம் ஷெட்டில் நின்ற காரை எந்த மெக்கானிக்கிடம் காட்டினாலும் வரிசையாகச் சொல்வார். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வீல் சிலிண்டருக்குள் துரு கட்டி பிஸ்டன் இறுகிவிடும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். ஆயில் சீல்கள் காய்ந்து வெடிக்கும். கார்புரேட்டருக்குள் நின்ற பெட்ரோல் ஆவியாகி, அரக்குப் போன்ற ஒரு கசடை விட்டுப்போகும். ஜெட்டின் ஊசித்துளையை அடைக்க அது போதும். இப்போது பம்புகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை ஈர்க்கும் சரக்கு. அந்தக் காலத்து ரப்பர் ஹோஸுக்கும் பெட்ரோல் பம்பின் டயாஃபிரத்துக்கும் ஆகாது. டேங்கில் மாதக்கணக்கில் தேங்கினால் கேடு இன்னும் அதிகம். வாரத்துக்கு ஒருமுறை ஷெட்டிலேயே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துகிறவர்கள் உண்டு. அது பாதி வைத்தியம். சில சமயம் விஷமும்கூட. இன்ஜின் முழுச் சூடு ஏறாமல் அணைந்தால் எரிதலில் உண்டான நீராவி சைலன்சருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் தண்ணீராகத் தங்கிவிடும். ஆயில் நன்றாகச் சூடேறி, கியர்பாக்ஸ் சூடாகி, பிரேக் பத்துப் பதினைந்து முறையாவது அழுத்தப்பட்டு, டைனமோ பேட்டரியை நிரப்ப முப்பது நாற்பது கிலோமீட்டர் வேண்டும். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி ஏறக்குறைய அந்தத் தூரம்தான்.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. திருவாரூர் ஆழித்தேர் இருபது ஆண்டுக்கு மேல் ஓடாமல் நிலையிலேயே நின்றது. 1970-இல் மறுபடி ஓடியது. ஓட வைப்பதற்காகத்தான் பின்னர் திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்பு அச்சும் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் அதில் ஏறின. தேர் ஓடுகிறது என்றால் தச்சர் வேண்டும், முட்டுக்கட்டை போடத் தெரிந்தவர் வேண்டும், வடம் பிடிக்க ஆள் வேண்டும், வீதியில் மேலே தொங்கும் கம்பியை அகற்ற மின்வாரியம் வேண்டும். ஓடாத தேருக்கு ஒரு கொட்டகை போதும். பழைய காருக்கும் இதே கணக்குதான். அது சாலைக்கு வந்தால்தான் கார்புரேட்டர் டியூனிங் தெரிந்தவருக்கும், லேத்தில் புஷ் கடைந்து கொடுப்பவருக்கும், ஈயம் ஊற்றி டிங்கரிங் பார்ப்பவருக்கும், புதுப்பேட்டையில் எந்தச் சந்தில் எந்தப் பாகம் கிடைக்கும் என்று மனப்பாடமாக வைத்திருப்பவருக்கும் வேலை. அந்த வேலை நின்றால், அடுத்த தலைமுறையில் காரைத் திறந்து பார்க்கக்கூட ஆள் இருக்காது.

உலகத்தில் நீண்டகாலம் நிலைத்த பழங்கார் கூட்டங்களை எடுத்துப் பார்த்தால் அவை பெரும்பாலும் பயணங்கள். லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்கு நவம்பர் மாத முதல் ஞாயிறன்று புறப்படும் ஓட்டத்தில் 1905-க்கு முன் செய்த வண்டிகளுக்குத்தான் இடம். 1896-இல் வேகக் கட்டுப்பாடு தளர்ந்ததைக் கொண்டாட நடந்த ஓட்டத்தை 1927 முதல் நினைவுகூர்கிறார்கள். இத்தாலியின் மில்லே மில்லியா 1927-இல் தொடங்கிய பந்தயம். 1957-இல் பார்வையாளர்களையும் பலிகொண்ட விபத்தோடு நின்றது. 1977-இல் அது மறுபடி வந்தபோது வேகப் பந்தயமாக வரவில்லை. அந்த ஆண்டுகளில் கலந்துகொண்ட மாடல்கள் மட்டும் அதே ஊர்கள் வழியாக, குறித்த நேரத்துக்குக் குறித்த இடத்தைத் தொடும் ஓட்டமாக வந்தது. நம் நாட்டிலும் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1964 முதல் டெல்லியில் நடத்திவரும் பேரணியில் வண்டி ஓடிக் காட்ட வேண்டும். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவாவின் டூரின் சாசனமும், பொதுச் சாலையில் ஓட்டுவதைப் பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே கருதுகிறது.

இப்படி ஓடிப் போய்ச் சேர ஓர் இடம் வேண்டுமே. நமக்கு அது தயாராக இருக்கிறது: திருவள்ளூர் மாவட்டத்துச் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதை. போர் முடிந்து விமானங்கள் போன பிறகு கார்களும் பைக்குகளும் வந்தன. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1980-களின் கடைசி வரை தன் பந்தயங்களை இங்கேதான் நடத்தியது. ஆண்டின் தொடக்கத்தில், வெயில் முற்றுவதற்கு முன், கல்கத்தா, பம்பாய், பெங்களூர், கோவை என்று எல்லாத் திசையிலிருந்தும் வண்டிகள் வந்து சேர்ந்தன. விமானம் இறங்குவதற்காகப் போட்ட கான்கிரீட்டில் வளைவு ஏது? பீப்பாய்களையும் வைக்கோல் கட்டுகளையும் வைத்து வளைவை உண்டாக்கினார்கள். விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரை ஓட்டியது இங்கே. பந்தயக் காரை உள்ளூரிலேயே செய்யலாம் என்று காட்டிய கோவை கரிவரதன் ஓடியதும் இங்கே. இன்று செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்குகிறது. 1990-இல் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென்று தடம் அமைத்துக்கொண்டது. அங்கே பாதுகாப்பும் ஒழுங்கும் இருந்தன. முறையான தடத்தில் பழகிய தலைமுறையிலிருந்து நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் வரை போனார். சோழவரத்து ஓடுபாதை ராணுவத்தின் நிலமாக நின்றுவிட்டது. இடம் மாறியதில் தவறில்லை. பார்வையாளர்கள் தடுப்பே இல்லாமல் தடத்தின் ஓரத்தில் நின்ற காலத்துக்குத் திரும்ப வேண்டியதும் இல்லை. ஆனால் இந்தியாவின் கார்ப் பந்தய வரலாறு எங்கே எழுதப்பட்டது என்று கேட்டால் சோழவரம் என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது.

அந்த வரலாற்றில் ஸ்போர்ட்ஸ் கார் என்பது ஒரு விசித்திரமான சரக்கு. உள்நாட்டில் உற்பத்தி செய்யாமல் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி மட்டும் விற்கிற நிறுவனங்களுக்கு இடமில்லை என்று 1953-இல் அரசு முடிவெடுத்தபின் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. பிறகு முப்பது ஆண்டுக்கு அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் என்று மூன்றே பெயர்கள். அதற்கு முன் வந்து சேர்ந்த எம்.ஜி.களையும் ஜாகுவார்களையும், தூதரகங்கள் கழித்துவிட்டவற்றையும் வைத்திருந்தவர்கள் சிலர். பந்தயம் ஓட்ட ஆசைப்பட்டவர்கள் பலர். ஆகவே குடும்பக் காரையே பந்தயக் காராக்கினார்கள். இந்த மூன்றில் ஸ்போர்ட்ஸ் கார் ரத்தம் ஓடியது ஒன்றில்தான். அதுவும் சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. ஹெரால்டின் சேஸியைக் கொஞ்சம் குறுக்கி அதன் மேல் டிரையம்ஃப் நிறுவனம் 1962-இல் கொண்டுவந்ததுதான் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலியர் மிக்கெலொட்டி. ஹெரால்டின் பானட்டைத் திறப்பதே தனி அழகு. மூக்கு, மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். இன்ஜினும் முன் சஸ்பென்ஷனும் அப்படியே வெளியே தெரியும். மெக்கானிக் முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைக் கழற்றலாம். ஒடித்தால் இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். வளைவில் பின்சக்கரம் உள்பக்கமாக மடங்கும் குணமும் உண்டு. வேகமாக ஓட்டுகிறவர் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கூட்டத்துக்கு வரும் ஜாகுவாரைப் பார்க்கக் கூடுகிறவர்கள் ஹெரால்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது என் சின்ன வருத்தம்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது வலுவானது: ஓட்டினால் தேயாதா? மாற்றுப் பாகம் கிடைக்காத வண்டியைச் சாலையில் விடுவது அதைக் கொல்வதாகாதா? உலகத்தில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கும் காருக்கு இது முழு உண்மை. அப்படிப்பட்டவை கோவையின் ஜி.டி. கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் இருப்பதே முறை. ஆனால் நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டவை. அவற்றின் தேய்மானத்தைத் தீர்க்க வழி தெரியும், துருவுக்குத்தான் தெரியாது. தேய்ந்த பிரேக் லைனிங்கைப் புதிதாக ஒட்டலாம். துருப்பிடித்துப் பொடியாக உதிர்ந்த சேஸியை என்ன செய்வது? இதோடு ஒட்டிய இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அசல் மாறக் கூடாது என்று விதி சொல்கிறது. பெட்ரோல் விலைக்கும் பாகத் தட்டுப்பாட்டுக்கும் பயந்து டீசல் இன்ஜினை மாற்றிப் பொருத்திக்கொண்டு பிழைத்த பழைய கார்கள் இந்த நாட்டில் ஏராளம். அந்த ஒட்டுவேலையும் நம் கார் வரலாறுதானே? அதை விதி வெளியே தள்ளுகிறது. இன்ஜின் மாறிய வண்டியைத் தனி வகையாகவாவது சேர்த்துக்கொள்வது நியாயம்.

இரண்டாவது எதிர்வாதம் காசு பற்றியது: இது பணக்காரர் விளையாட்டு, இதற்கு ஏன் பொதுச் சாலை, பொதுப் பேச்சு? 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்தபோது இதே கேள்வி எழுந்தது. அரசுப் பணம் புழங்கிய இடத்தில் அந்தக் கேள்வி சரியானதுதான். பழங்கார்ப் பயணத்துக்கு அரசு ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டியதில்லை. கூடவே, ஹோட்டல் புல்வெளிக் கண்காட்சிக்கு அழைப்பிதழோ அந்த இடத்துக்குள் நுழையும் தைரியமோ வேண்டும், சோழவரத்துக்குப் போகும் ஜி.என்.டி. சாலையில் ஓடுகிற காரைப் பார்க்க இரண்டும் வேண்டாம். செங்குன்றம் அரிசி ஆலை வாசலில் மூட்டை இறக்குகிறவரும், காரனோடைப் பாலத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளையும், தச்சூர் கூட்டுரோட்டு டீக்கடைக்காரரும் இலவசமாகப் பார்ப்பார்கள். காட்சி அவர்களிடம் போகிறது. சொந்தக்காரரின் பெருமைக்கு இது கொஞ்சம் இடைஞ்சல்கூட. பாதி வழியில் சூட்டில் பெட்ரோல் பம்ப் காற்றடைத்து வண்டி நின்றுவிட்டால், பானட்டைத் திறந்து பம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றி ஆறும் வரை ஓரத்தில் நிற்க வேண்டும். பக்கத்தில் வந்து நிறுத்தி, இதைப் போன்ற வண்டியைத் தான் முன்பு ஓட்டிய கதையைச் சொல்லும் லாரி டிரைவரிடம் காது கொடுக்கத்தான் வேண்டும்.

புகையைப் பற்றி மழுப்ப எனக்கு விருப்பமில்லை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாத கார்புரேட்டர் கார், கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் கணக்குப் பார்த்தால் இன்றைய பி.எஸ். 6 காரைவிடப் பல மடங்கு அழுக்கு. ஆனால் மொத்தம் எவ்வளவு ஓடுகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். ஐம்பது கார்கள் நூறு கிலோமீட்டர் ஓடினால் 5,000 கிலோமீட்டர். ஒரே ஒரு வாடகைக் கார் அதை ஓரிரு மாதத்தில் ஓடிவிடும். அன்றாட உபயோகத்துக்குத் தடை என்று சொல்லும் விதியை நான் ஆதரிப்பது இதனால்தான். பழைய காரைத் தினமும் அலுவலகத்துக்கு ஓட்டிக்கொண்டு போவேன் என்று யாராவது அடம்பிடித்தால் அவருக்காக வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையில் சீட் பெல்ட்டும் இல்லாத, டிரம் பிரேக் வண்டிகளை விடலாமா என்பது நியாயமான பயம். இதற்கு மருந்து நேரம்தான். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை புறப்பட்டு, கூட்டமாக இடது ஓரம் போய், ஏழு மணிக்குள் நல்லூர் சுங்கச்சாவடியைத் தாண்டிவிட்டால் ஆபத்து பெருமளவு குறையும். வெயிலும் ஏறியிருக்காது, பம்பும் அடைக்காது.

விதியில் நான் முக்கியமாக ஏற்காதது அந்த ஐம்பது ஆண்டு. ஃபீவா முப்பது ஆண்டு என்கிறது. இருபது ஆண்டு வித்தியாசம் ஏட்டில் சின்னது. திருவள்ளூர் மாவட்டத்தில் அது பெரியது. திருவள்ளூரை ஒட்டிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998-இல் மிட்சுபிஷி லான்சர் உற்பத்தி தொடங்கியது. அம்பாசிடர் செய்த கம்பெனியிடமிருந்து இப்படியொரு காரா என்று அன்று வியந்தவர்கள் பலர். ஸ்டியரிங்கின் துல்லியத்துக்காக அதை இன்றும் விடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. அதற்குப் பின் அங்கே செய்த சீடியா இந்திய ராலிப் போட்டிகளில் பல ஆண்டு முன்வரிசையில் ஓடியது. அம்பாசிடரின் நினைவுக்கு உத்தரப்பாரா இருக்கிறது, மாருதிக்குக் குர்கான் இருக்கிறது. திருவள்ளூருக்கு இருப்பது இந்த லான்சர்தான். முதல் லான்சர்களுக்கு 2028-இல் முப்பது வயது நிறையும். நம் விதிப்படி அவை ‘பழங்கால வாகனம்’ ஆக 2048 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அவை வெறும் பழைய கார்கள். இருபது ஆண்டைத் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய். பதினைந்து ஆண்டு முடிந்தபின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி.; அதன் மேல் பசுமை வரி. சந்தையில் அந்தக் காருக்கே கிடைக்கும் விலையை நினைத்துப் பார்த்தால் உரிமையாளர் எந்தப் பக்கம் சாய்வார் என்பது தெரிந்ததே.

அவர் சாயும் பக்கம் அதே ஜி.என்.டி. சாலையில்தான் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகள் பழைய இரும்பைத் தின்று வாழ்பவை. நசுக்கிக் கட்டாக்கிய தகட்டைக் காந்தக் கிரேன் தூக்கி இண்டக்‌ஷன் ஃபர்னஸில் போடும். 1,600 டிகிரிச் சூட்டில் அது குழம்பாகி, பில்லட்டாக வார்க்கப்பட்டு, உருட்டாலைக்குள் நுழைந்து டி.எம்.டி. கம்பியாக வெளியே வரும். குறை சொல்ல ஒன்றுமில்லை. நாட்டுக்குக் கம்பி வேண்டும், சுரங்கத்திலிருந்து தாது தோண்டுவதைவிட இது நல்ல வழி. பெரும்பாலான கார்கள் அங்கே போய்ச் சேருவதே சரி. மாடலுக்குச் சில நூறு வண்டிகளாவது அந்தக் கிரேனுக்குத் தப்ப வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அதற்கு டெல்லி ஐம்பதை முப்பதாக்க வேண்டும். அது நடக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் தேவையில்லை: பசுமை வரி மாநிலத்தின் கையில் இருக்கிறது, பழங்கால வண்டிகளைப் பரிசோதித்துச் சான்று தரும் குழுவை அமைப்பதும் மாநிலம்தான். முப்பது ஆண்டைக் கடந்து, அசல் மாறாமல், ஆண்டுக்கு ஒரு பேரணியிலாவது தானே ஓடி வந்து கலந்துகொண்ட வண்டிக்கு அந்த வரியைத் தள்ளுபடி செய்ய ஓர் அரசாணை போதும். ஓடுபாதையின் வாசல்வரை போக ராணுவத்திடம் ஆண்டுக்கு ஒரு காலை அனுமதி கேட்டு எழுதுவது கிளப்புகளின் வேலை.